மண்டபச் சத்தம்

கலீலுர் றஹ்மான் சவூதியிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ செட் பழுதாகி என்னிடம் வந்தது. நேற்றுத் திருத்தி முடித்தேன். இனிச் சோதித்துப் பார்க்க ஒரு கசெட் வேண்டும்.

எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் எல்லோரும் மேளம் அதிரும் சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் செட்டைச் சோதிப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். அதிர்வது பெரிய காரியமா? துறைமுகப் பக்கம் ஷெல் அடித்தால் என் அலுமாரியும்தான் அதிர்கிறது.

என்னிடம் இருப்பது ஒரு மண்டபத்தில் பதிவான கச்சேரிக் கசெட். மட்டமான செட்டில் பாட்டு மட்டும் கேட்கும். நல்ல செட்டில் மண்டபமே கேட்கும். யாரோ இருமுவார்கள், கதிரை இழுபடும். இடது ஸ்பீக்கரில் ஒரு பிள்ளை, "அம்மா, எப்ப முடியும்?" என்று கேட்கும். "பேசாம இரு" என்பாள் தாய்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவுக்குப் போன பிறகு என் வீட்டில் பேச்சுக்குரல் இல்லை. என்னுடைய பழைய செட்டில் அந்தப் பிள்ளையின் குரல் கேட்பதே இல்லை.

இன்று கேட்டது. மூன்று தரம் திருப்பித் திருப்பிப் போட்டேன். மூன்றாம் தரம், "இப்ப முடிஞ்சிடும் ராசா" என்று நானே பதில் சொன்னேன்.

பின்னேரம் செட்டை ஏற்றிப் போக றஹ்மான் ஓட்டோவும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணன், சரிவந்திட்டா?"

"இல்லைத் தம்பி. இடது பக்கம் இன்னும் சத்தம் வரேல்ல. அடுத்த கிழமை வாங்கோ."