உரிமையாளரின் கையெழுத்து

"செத்தவன் பேர்ல பதிவான பனிவண்டியை நீ எப்படிய்யா ஓட்டுவ?"

"எங்கண்ணன் திரும்பி வந்துட்டான் சார்." ஐப்பிலி கைக்குழந்தையைக் காட்டினான். அந்தப் பனிநாட்டு மக்களின் நம்பிக்கைப்படி, இறந்தவரின் பெயர் சூட்டப்பட்ட குழந்தை இறந்தவரேதான். ஊரே அதை அண்ணனின் பெயரால்தான் கூப்பிட்டது.

பதிவு அதிகாரி அவனிடமிருந்து பறித்த வண்டிச் சாவியை விரலில் சுழற்றினார். "ஓனரே வந்தாச்சா? அப்போ ஐயாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு." பிஞ்சு விரல்களுக்குள் பேனாவைத் திணித்தார். அது தரையில் விழுந்தது.

"பாத்தியா, உங்கண்ணனுக்கே இஷ்டமில்ல."

வெளியே பனிக்காற்று வலுத்துக்கொண்டிருந்தது. மற்ற வண்டிகளெல்லாம் வேட்டைக்குப் போயிருந்தன. உறைந்த கடல்மேல் அப்பா கால் முறிந்து கிடந்தார். ஐப்பிலி குனிந்து பேனாவை எடுத்து, துடைத்து, மரியாதையாக நீட்டினான்.

"அப்பாவைத் தூக்கிட்டு வந்ததும் வண்டியை நீங்களே வச்சுக்கங்க சார். இப்போ சாவியை மட்டும் குடுங்க."