நடுக்கோடு

ஒரு சுரத்துக்குத் தலை உண்டு, காம்பு உண்டு, சிலவற்றுக்கு வால்கூட உண்டு என்பது ஐவனுக்கு நாற்பத்தேழாவது வயதில்தான் தெரியவந்தது. யதுர்ஷா என்ற பிள்ளை பனிச்சையடி வீட்டின் முன்னறையில் வயலினைத் தாடைக்குள் இடுக்கிக்கொண்டு, எதிரே கதிரையில் விரித்து வைத்த சோதனைப் புத்தகத்தைப் பார்த்து, "சேர், இந்த நோட்டு கோட்டிலயா இரிக்கு, கோட்டுக்கு மேலயா இரிக்கு?" என்று கேட்டாள். ஐவன் வில்லைப் பிடித்தபடி சிரித்தான். குசினியில் அடுப்பருகே நின்ற பிறிசில்லாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. அண்ணனின் சிரிப்புகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கலியாண வீட்டில் யாராவது அவனுக்குக் கை கொடுக்க வந்து, அவன் வேறு பக்கம் கையை நீட்டிவிட்டால் வருகிற சிரிப்பு இது.

பன்னிரண்டு வயதில் மங்கத் தொடங்கி, மீசை அரும்புமுன் முழுதாகப் போய்விட்ட பார்வை அவனுடையது. அவர்களுடைய தகப்பன் பறங்கியர் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசித்தவர். அந்த வீட்டில் இசை எழுதிய தாள் ஒன்றுகூட இருந்ததில்லை. அவர் வாசிப்பார், மகன் கேட்பான், அடுத்த நாள் மகன் வாசிப்பான். பிறகு பார்வையற்றோர் பாடசாலையில் பிறெயில் புள்ளிகளால் இசையைப் படித்தான். ஆனால் புள்ளிகளில் இசை ஒரே வரியில் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். மேலே ஏறாது, கீழே இறங்காது. கண் தெரிந்த பிள்ளைகளின் புத்தகத்தில் அது ஐந்து கோட்டில் ஏறி இறங்குகிறது என்று சொன்னார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, தேவைப்படவும் இல்லை. இப்போது தேவைப்பட்டது. இப்போதெல்லாம் பிள்ளைகள் சோதனை எழுதவும் சான்றிதழ் வாங்கவும்தான் வந்தார்கள். புத்தகம் பார்க்கத் தெரியாதவரிடம் எப்படி அனுப்புவது என்று பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். யதுர்ஷாவின் தகப்பன் சுதாகரன் மட்டும் நிறுத்தவில்லை. வங்கியில் வேலை செய்கிற மனிதர். ஒரு கலியாணத்தில் ஐவன் வாசித்ததைக் கேட்டுச் சாப்பிடாமல் நின்றவர் என்று சொல்வார்கள்.

பிள்ளை போன பிறகு ஐவன் தேநீரை வாயில் வைக்காமல் மேசையில் தள்ளி வைத்தான். பிறகு, அந்தக் கோடுகளை எனக்குக் காட்டு பிறிசி என்றான்.

பிறிசில்லா தையற்காரி. காத்தான்குடியில் நிஸ்தாருடைய புடவைக் கடைக்குப் பாடசாலைச் சீருடையும் சட்டையும் தைத்துக் கொடுத்துத்தான் இருவருடைய சீவியமும் நடந்தது. இசையில் அவளுக்கு ஆனா ஆவன்னாவும் தெரியாது. ஆனால் பொத்தான் தெரியும், நூல் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அணையாக வந்த, ரெஜிஃபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகை ஒன்று பரண்மேல் கிடந்தது. அதற்குத் தடித்த துணியில் உறை தைத்து, அதன் மேல் ஐந்து கயிறுகளை இறுக்கித் தைத்தாள். சட்டைக் கழுத்துக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வெள்ளைக் கயிறு அது. சுரங்களுக்குப் பொத்தான். நீண்டு ஒலிப்பதற்கு நடுவில் ஓட்டையான வளையப் பொத்தான், குறுகி ஒலிப்பதற்குத் துணி சுற்றிய குண்டுப் பொத்தான். காம்புக்கு ஈர்க்கு. எல்லாவற்றையும் குண்டூசியால் பலகையில் குத்தி வைக்கலாம், கழற்றலாம். வரியின் தொடக்கத்தில் வருகிற பெரிய சுருளைச் செப்புக் கம்பியில் வளைத்தாள். ஐவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு இது இறால் மாதிரியல்லவா இருக்கிறது என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் இறால்.

அந்த மாசி, பங்குனி மாதங்களில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். டச்பாரில் கரையோரம் இருந்த வீட்டையும் தாயையும் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு இந்த வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை. அவள் முதலில் தான் படித்து, பிறகு அவனுக்குக் குத்திக் காட்டுவாள். அவன் இடது கை ஆள்காட்டி விரலை எப்போதும் மூன்றாவது கயிற்றில், நடுக்கோட்டில், வைத்துக்கொள்வான். அதுதான் அவனுக்கு வீட்டுப்படி. அங்கிருந்து வலது கை மேலே ஏறும், கீழே இறங்கும். தன் மனதில் இத்தனை வருடமாக ஒலியாக மட்டும் இருந்த உயரமும் பள்ளமும் விரலுக்கு அடியில் உண்மையாகவே உயரமாகவும் பள்ளமாகவும் கிடப்பதை அவன் முதன்முதலாகத் தொட்டபோது, ஒரு பாட்டின் முதல் வரியைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தான். பலகையில் அவன் கை படுகிற இடத்தில் துணி அழுக்கேறிப் பளபளத்தது. அடுத்த வகுப்பில் யதுர்ஷாவிடம், "அது ரெண்டாம் கோட்டில இரிக்கும் மகள், காம்பு மேல பாக்கும்" என்று அவன் சொன்னபோது, பிள்ளை புத்தகத்தைப் பார்த்து, ஓம் சேர் என்றாள். பிறிசில்லா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போதே தொடங்கியிருந்தது.

முதலில் ஊசியின் காது. ஊசி தெரிந்தது, நூல் தெரிந்தது, காது மட்டும் இல்லை. நாற்பத்துநாலு வயது, வெள்ளெழுத்து என்று நினைத்து பசாரில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டாள். பிறகு புத்தகத்தின் ஐந்து கோடுகள் அவள் பார்க்கிற இடத்தில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நிஸ்தார் ஒரு நாள் சீருடைக் கட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு தானே வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல், தையல் கொஞ்சம் கோணலாய் ஓடிக் கிடக்கிறது, கண்ணாடியை மாற்றிப் பாருங்க தங்கச்சி என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அவள் முன்கதவைப் பார்த்தாள். கதவு நிலை நடுவில் உள்ளே வளைந்திருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள், வளைந்துதான் இருந்தது. அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐவன் சிறுவனாக இருந்தபோது, கதவு வளைஞ்சிரிக்கு அம்மா என்று சொன்னதும், பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் பொய் சொல்கிறான் என்று தாய் அவனுக்கு அடித்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அடி வாங்கியவன் அழாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதும் நினைவிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்றொரு பயம். அதைவிட, அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு கண்கள். அவை அவளிடம் இருந்தன. அவையும் போய்க்கொண்டிருக்கின்றன என்று அவனிடம் எப்படிச் சொல்வது? முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் தெரிந்தது. அப்படித்தான் யதுர்ஷாவின் சோதனைக்கான பாட்டை வரி வரியாகப் பார்த்துப் பலகையில் குத்தினாள். ஐந்து கோட்டையும் தாண்டி மேலே போகிற சுரங்களுக்குச் சின்னச் சின்னத் துண்டுக் கோடுகள் உண்டு. அவற்றைத்தான் அவளால் எண்ண முடியவில்லை. ஓரிடத்தில் வந்து ஐவனின் விரல் நின்றது.

"இந்த இடத்தில ஏறுதா? காது இறங்கச் சொல்லுதே."

பிறிசில்லா புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். கருப்பாக ஏதோ மிதந்தது.

"புத்தகத்தில ஏறுது அண்ணா" என்றாள்.

அவன் தலையாட்டினான். வயலினை எடுத்து ஏற்றி வாசித்தான். இன்னொரு முறை வாசித்தான். புத்தகம் அப்படிச் சொன்னால் அப்படித்தான், எழுதினவனுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று சொல்லி, தன் காதைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஏற்றத்தைப் பழகினான். பிள்ளைக்கும் அதையே பழக்கினான். பிள்ளை ஒரு நாள், சேர் இது புத்தகத்தில வேற மாதிரி இரிக்கே என்று கேட்டபோது, வடிவாப் பார் மகள், ஏறும் என்று உறுதியாகச் சொன்னான். சேர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பிள்ளையும் விட்டுவிட்டாள்.

சோதனை நாளில் அவளோடு சேர்ந்து வாசித்த பியானோ ஒரு பக்கம் இறங்க, யதுர்ஷாவின் வயலின் மறுபக்கம் ஏறியது. பிள்ளை குழம்பி நின்றாள். திரும்ப வாசித்தாள், திரும்பவும் ஏறினாள். பிறகு அழுதுவிட்டாள் என்று கேள்வி.

சுதாகரன் வீட்டுக்கு வந்தபோது கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கொண்டுவந்த வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, உங்கட வாசிப்பில எனக்கு ஒரு குறையும் இல்ல ஐவன் சேர், ஆனால் புத்தகம் பார்க்கக்கூடிய ஒருவரிடம் பிள்ளையை விடலாமென்று யோசிக்கிறோம் என்றார். ஐவன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டபிறகு, "பிழை என்ட பக்கந்தான். விரல் என்னை ஏமாத்திப் போட்டுது. புள்ளைட்ட சொல்லுங்க" என்றான். குசினி வாசலில் பிறிசில்லா நின்றாள். வாயைத் திறந்தாள். சுதாகரன் அவளுக்கும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது ஐவன் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் இடது கை விரல்களை வைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வருடமாகத் தந்தியை அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்க் கிடக்கிறது, அதனால்தான் நடுக்கோடு எது மேற்கோடு எது என்று தெரியாமல் போயிருக்கிறது என்றான். தோல் ஊறினதும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தான். காய்ப்பு கரையும்வரை தந்தியைத் தொடுவதில்லை என்று வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அவர்கள் இருந்த வீட்டில் வயலின் கேட்காத நாள் தாய் செத்த கிழமைக்குப் பிறகு இதுதான். பிறிசில்லா மெசினை மிதித்துச் சத்தம் உண்டாக்கிப் பார்த்தாள். மெசின் நின்றதும் சத்தமின்மை இன்னும் பெரிதாக வந்து உட்கார்ந்தது. விரல்கள் ஒவ்வொரு நாளும் மெதுமையாகிக்கொண்டு வந்தன. பச்சைப் பிள்ளையின் விரல்போல வெளிறி வந்த அந்த நுனிகளை அவன் கன்னத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதை ஒரு மத்தியானம் கடைக்கண்ணால் கண்டபோது அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அண்ணா, உன்ட விரல் சரி."

"சரியெண்டா புள்ள ஏன் பிழையா வாசிச்சது?"

"பலகையிலதான் பிழை. நான்தான் அப்பிடிக் குத்தி வெச்சன்."

"புத்தகத்தப் பாத்துத்தானே குத்தின நீ?"

"பாத்தன். எனக்குத் தெரிஞ்சது அப்பிடி."

எண்ணெய்ப் போத்தலின் மூடியை அவன் திருகிக்கொண்டிருந்தான். திருகுவது நின்றது. வெளியே யாரோ மீன் கூவிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அந்தக் கூவல் முழுதாகத் தேய்ந்த பிறகுதான் அவன் கேட்டான்.

"நடுவிலயா, ஓரத்திலயா?"

"நடுவில."

"கதவு வளையுதா?"

"ஓம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா இருந்திருந்தா இப்ப ரெண்டு பேருக்கும் அடி போட்டிருப்பா" என்றான். சிரிக்க முயன்றான். அந்த முயற்சி பாதியில் உடைந்துபோக, மெதுமையான அந்தக் கையால் அவள் முகத்தைத் தேடி, நெற்றியில் வைத்து, அப்படியே வைத்திருந்தான். காது சொன்னதைக் கேட்காமல் உன்ட கண்ணை நம்பினேனே என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் கண் வைத்தியர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, குடும்பத்தில் யாருக்கும் இருக்கிறதா என்று கேட்டார். அவள் கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஐவனைக் காட்டினாள். வைத்தியர் எழுந்துபோய் அவனையும் பார்த்துவிட்டு வந்தார். இரத்தத்தில் வருவது, சிலருக்குச் சின்ன வயதில், சிலருக்குப் பிந்தி. மருந்து இல்லை. எவ்வளவு வேகமாகப் போகும் என்றும் சொல்ல முடியாது என்றார். நிஸ்தாரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர், கடையில் துணி மடித்துக் கட்டுகிற வேலை இருக்கிறது, அதற்குக் கண் பெரிதாகத் தேவைப்படாது என்றார்.

சுதாகரனிடமும் சொல்ல வேண்டும் என்று பிறிசில்லா பிடிவாதமாக நின்றாள். அண்ணன் தலையில் கிடக்கிற பழியை எடுக்க வேண்டும். இருவரும் பஸ்ஸில் டவுனுக்குப் போய், பழைய இரும்புப் பாலத்தால் நடந்து, கல்லடியில் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். சுதாகரன் கேட்டுவிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். பிள்ளையைப் புது இடத்தில் சேர்த்தாகிவிட்டது என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அப்போது உள்ளறையில் யதுர்ஷா அதே பாட்டை வாசிக்கத் தொடங்கினாள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் கேட்டார்கள். அந்த இடம் வந்தது. பாட்டு இறங்கியது. எந்தத் தடங்கலும் இல்லாமல், தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி இறங்கியது. முழங்காலில் கிடந்த ஐவனுடைய இடது கை விரல் மட்டும் அந்தச் சுரத்தில் ஒரு கணம் அழுந்தி எழும்பியது.

திரும்பி வருகையில் பாலத்தின் நடுவில் பிறிசில்லா நின்றாள். பின்னேர வெயில் வாவி முழுவதும் கிடந்தது. வழமைபோல ஐவனின் கை அவள் தோளில் இருந்தது. அவனும் நின்றான். அவள் வாவியை நேரே பார்த்தாள். தண்ணீரும் வெளிச்சமும், நடுவில் ஒரு சாம்பல் படலமும். முகத்தைக் கொஞ்சம் பாலத்தின் பக்கமாகத் திருப்பினாள். கண்ணின் ஓரத்தில் ஒரு தோணி தோன்றியது. அதில் ஒருவன் எழுந்து நின்று, வீச்சுவலையைத் தோளில் சரித்து, இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி அந்த வலைக்காரனை நேரே பார்த்தாள். தோணியும் இல்லை, ஆளும் இல்லை. பிறகு அந்த வெறும் வெளிச்சத்துக்குள்ளிருந்து, வலை விரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் வந்தது.