எர்த் கிளிப்

துறைமுகத்துக் கிரேன்களிலிருந்து கழற்றி வரும் எலக்ட்ரானிக் கார்டுகளை இரண்டு வருடமாக நான்தான் சுத்தம் செய்துவந்தேன். நிலக்கரித் தூளும் உப்பும் அவற்றின்மேல் அப்பியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்தால் ஒரு கார்டுக்கு அரை நாள். "முத்துமணி கை பட்டா புதுசு மாரி ஆயிரும்" என்று பட்டறை முதலாளி ரோச் அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன மாதம் ட்ரை ஐஸ் மெஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார். துப்பாக்கி மாதிரி ஒரு பிடியிலிருந்து அரிசி அரிசியான ஐஸைக் காற்றோடு பீச்சும். அழுக்கு உறைந்து உதிரும். ஐஸ் புகையாகப் போய்விடும். ஒரு சொட்டு ஈரம் மிஞ்சாது. பத்தே நிமிடம். அந்தத் துப்பாக்கி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஜெயசெல்வியிடம் கொடுத்தார். அவள் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள்தான். டிப்ளமோ படித்தவள். நான் ஒன்பதாவதோடு நின்றவள்.

"ஏளா, என்ன வாயப் பொளந்துக்கிட்டு நிக்க? ஈ போயிரப் போவுது" என்றாள் அவள். அண்ணாச்சியும் சிரித்தார்.

வெள்ளைப் புகைக்குள் கண்ணாடியும் கையுறையுமாக அவள் நின்றது அழகாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பீச்சும்போது கார்டில் மின்சாரம் சேரும், எர்த் வயரின் கிளிப்பை மாட்டாவிட்டால் கார்டு செத்துவிடும் என்று மெஷின்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் தலையாட்டினாள். நான் பெருக்கிக்கொண்டே கேட்டேன்.

வெள்ளிக்கிழமை பெரிய கிரேனின் கார்டு வந்தது. ஒரு பக்கம் முடித்ததும், திருப்பிப் போடுவதற்காக ஜெயசெல்வி கிளிப்பைக் கழற்றினாள். திரும்ப மாட்டாமலே துப்பாக்கியை எடுத்தாள். கிளிப் மேசைக் காலருகே தொங்கியது. என் கைக்கு எட்டும் தூரம்தான்.

வாய் வரை வந்தது. படித்தவளுக்குத் தெரியாதா என்று விழுங்கிவிட்டேன்.

கார்டு பளபளவென்று போனது. கிரேன் அசையவில்லை.

மறுநாள் அண்ணாச்சி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மெஷினுதான் கார்டக் கொன்னுட்டு. நமக்கு பிரஷ்ஷே போதும்ளா" என்றார்.

கிளிப்பைப் பற்றிச் சொன்னால் மெஷின் பட்டறையிலேயே இருந்துவிடும். பார்த்துக்கொண்டு ஏன் சும்மா நின்றாய் என்றும் கேட்பார். மெஷினைத் திருப்பி அனுப்ப மினி லாரியில் ஏற்றும்போது துப்பாக்கியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

ஜெயசெல்வி என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ஏளா முத்துமணி, பிரஷ்ஷ எப்படிப் பிடிக்கணும்னு காட்டு."

காட்டினேன். மதியத்துக்குள் என்னைவிட வேகமாகத் தேய்த்தாள்.