மலை லைன் பஸ்ஸில் ஞானதுரையின் கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், குற்றாலத்தில் சீசன் முடிந்து கடைக்காரர்கள் பந்தல் பிரிக்கிற சமயம், தென்காசி மெக்கானிக் ஞானதுரை தன் வலது கையை ஹைருன் பீவியின் பஸ் எஞ்சினுக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். ரத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. முழங்கைக்குக் கீழே காலியாகத் தொங்கிய சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டான், அவ்வளவுதான். பட்டறைக்கு எதிரே திரை போட்ட கூண்டு வண்டிக்குள் உட்கார்ந்து, துணி இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பஸ் முதலாளி ஹைருன் பீவிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. எந்தத் திட்டத்தோடு இவன் இதை என் வண்டியில் வைத்துவிட்டுப் போகிறான் என்றுதான் யோசித்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. புருஷன் மௌத்தாகி நாற்பதாம் பாத்திஹா ஓதி முடிந்ததுமே கொழுந்தன் சேக் தாவூது வந்து, ஒரே ஒரு அரிசி மூட்டை, அண்ணன் கடையில் ஓரமாக வைத்துக்கொள்கிறேன் மைனி என்று கேட்டார். பாவம் என்று விட்டாள். மூட்டை உள்ளே போனது. மூட்டைக்குக் காவலாக ஒரு கட்டில் போனது. கட்டிலில் படுக்க அவரே போனார். கடைசியில் கடை அவருடையது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அனுபவித்து வந்தவனுக்கே சொந்தம், அனுபோக பாத்தியதையாம். அன்றிலிருந்து யாராவது அவள் வீட்டில் குடையை மறந்து வைத்தால்கூட, எடுத்துத் தெருவில் எறியச் சொல்லுவாள். அவளுக்கும் மகள் ஜாஹிராவுக்கும் மிச்சம் இருந்தது இந்த ஒரு பஸ்தான்.

அந்தப் பஸ்ஸுக்கும் ஆபத்து வந்திருந்தது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். கார்த்திகை பிறப்பதற்குள் நேரத்துக்கு ஏறாவிட்டால் மலை லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அதிகாரிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கொச்சியில் வியாபாரம் செய்த அவள் தம்பி துல்கர்னைன், உடைக்க வந்த சீமை லாரி ஒன்றிலிருந்து டர்போவையும் அதைத் தாங்குகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் கழற்றி ரயிலில் அனுப்பினான். சிலிண்டர்களின் புகையையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கிற வார்ப்பிரும்புக் குழாய்தான் மேனிஃபோல்டு. அந்தப் புகை டர்போவின் காத்தாடியைச் சுற்றும், காத்தாடி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும், வண்டிக்குப் பலம் கூடும் என்று ஞானதுரை விளக்கினான். வெளியே போகிற புகை நமக்கு எதற்குச் சும்மா வேலை செய்யும் என்று திரைக்குப் பின்னாலிருந்து பீவி கேட்டாள். அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தான்.

சாமான் பெரிது, இடம் சின்னது. ஒரு பக்கம் ஸ்டியரிங் தண்டு இடித்தது, மறுபக்கம் சேஸிஸ் இடித்தது. வைத்துப் பார்ப்பான், உரசுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவான், வெளியே எடுத்து அரத்தால் ராவுவான், மறுபடியும் வைப்பான். டைனமோவைத் தள்ளி மாட்டினான். டீசல் குழாய் சூடேறாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினான். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரம் வரைக்கும் நட்டுகளை முறுக்கிக்கொண்டே வந்தான். கடைசி நட்டு, டிரைவர் காலடித் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில், எந்த ஸ்பானரும் திரும்பாத பொந்தில் மாட்டிக்கொண்டது. கையைப் பக்கவாட்டில் நுழைத்து விரலால் முறுக்கினான். விட்டால் அதிர்வில் கழன்றது, பிடித்திருந்தால் நின்றது. விட்டான், பிடித்தான், விட்டான், பிடித்தான். பொழுது சாய்ந்ததும், பிடித்த கையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் பஸ் விசிலடித்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறியது. லைன் தப்பியது. ஹைருன் பீவிக்குத்தான் தூக்கம் போயிற்று. கையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினாள். எடுத்தால் வண்டி ஏறாது என்று ஞானதுரை சொல்லியனுப்பினான். மூட்டையை எடுத்தால் அரிசி பாழாகிவிடும் என்று அவள் கொழுந்தனும் இதே நயத்தில்தான் சொன்னார். செங்கோட்டையிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, கை இருக்கிறது, நன்றாகத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லி பானட்டை மூடினார். சரிதான், இவனும் கூட்டுக்களவாணி என்று முடிவு கட்டினாள்.

அறுபது போயிற்று, அறுபத்திரண்டும் போயிற்று. ஞானதுரை இடது கையால் வேலை பழகிக்கொண்டான். சோறும் இடது கையால்தான். அப்படி உண்கிறவனோடு யார் பந்தியில் உட்காருவார்கள்? கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டான். அனுதாபம் சம்பாதிக்கிறான், நாளைக்கு ஊரே இவன் பக்கம் சாட்சி சொல்லும் என்றாள் பீவி.

ஜாஹிராவுக்கு நிக்காஹ் பேசி முடித்ததும் பீவிக்குப் பயம் முற்றிவிட்டது. பஸ்ஸை மகள் பேருக்கு மாற்ற வேண்டும். அந்நியன் கை உள்ளே கிடக்கிற வண்டியை எப்படிக் கொடுப்பது? ஒருநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தானே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஏற்றம் முடிந்ததும் நிறுத்தச் சொன்னாள். பானட்டைத் திறக்கவைத்து, துப்பட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டாள். பிடுங்கி ஓடையில் எறிந்துவிடுவது என்பதுதான் எண்ணம்.

துணியைத் தாண்டிச் சுட்டது. கை அங்கேதான் இருந்தது. தோல் காய்ந்து, நகம் கருகி, விரல்கள் நட்டைச் சுற்றி விறைத்துக்கிடந்தன. அது அவளைப் பிடித்து இழுக்கவில்லை, தள்ளவும் இல்லை. நட்டை விட்டால்தானே வேறொன்றைப் பிடிக்க முடியும். இத்தனை வருஷமும் இந்தச் சூட்டிலா இருந்தது என்று நினைத்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. ரோட்டில் அத்தனை ஆம்பிளைகள் பார்க்க, மட்கார்டில் சாய்ந்து அழுதாள்.

திரும்பி வந்ததும் நேரே பட்டறைக்குப் போனாள்.

"ஏலே, இப்படிச் சுடுதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா, முதலாளியம்மா?"

"இப்பவே எடுத்துக்கோ. லைன் போனாப் போகுது."

ஞானதுரை தலையைச் சொறிந்தான்.

"போன வருசமே கூப்பிட்டுப் பாத்தேன். வரமாட்டேங்குது. அதுக்கு மலை லைன் பழகிட்டு போல."

ஜாஹிராவின் நிக்காஹ் விருந்தில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து உண்கிற பந்தியில், மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் பக்கத்தில் ஞானதுரையை உட்காரவைக்க வேண்டும் என்று பீவி உள்ளேயிருந்து சொல்லியனுப்பினாள். அவன் மாட்டேன் என்றான், விடவில்லை. கூசிக்கூசி இடது கையை நெய்ச்சோற்றில் வைத்தான். தட்டைச் சுற்றியிருந்த மற்ற கைகளெல்லாம் நின்றுவிட்டன. ஆரியங்காவிலிருந்து குடும்பத்தோடு அதே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த மாப்பிள்ளையின் வாப்பா ஒரு நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

"வலது கைக்கு வேலை இருக்குல்லா," என்றார். "நீங்க சாப்பிடுங்க."