மன்னிப்புக் கேட்ட நாயகி

"கட்! கட்!"

ஹெட்போனில் டைரக்டரின் குரல் வெடித்ததும் குயிலக்கா தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

முப்பது வருஷமாக டப்பிங் பேசுகிறவள் அவள். எத்தனையோ நாயகிகள் அவள் தொண்டையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இந்த நாயகி வேறு, நாவலில் பிறந்தவள். அட்டை பிய்ந்து தொங்கும்வரை அக்கா படித்த நாவல். அதன் கடைசிப் பக்கத்தில், கைநீட்டி அடித்த புருஷனை ஏறிட்டும் பார்க்காமல் அவள் வாசலைத் தாண்டிப் போவாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. திரையிலோ அதே பெண் தெருமுனைவரை போய்விட்டு, மேக்கப் கலையாமல் ஓடிவந்து, அவன் காலைக் கட்டிக்கொண்டு உதடசைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அழுகையே வரலையே! நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு."

"எப்படி வரும் தம்பி? அவ மன்னிப்புக் கேக்குற ஆளே இல்ல. புத்தகத்தைப் படிச்சீங்களா இல்லையா?"

"சுருக்கம் படிச்சேன்க்கா."

"நல்லாத்தான் சுருக்கியிருக்கீங்க. அவ முதுகெலும்பையே காணோம்."

சவுண்டு இன்ஜினியர் சிரிப்பை இருமலாக்கினார். "விடுங்கக்கா. புத்தகத்துல தையல் மெஷின் மிதிச்சவ, இங்க பியானோ வாசிக்கிறா. அதையே முழுங்கிட்டோம்."

"'நான் கெளம்புறேன்'னு மாத்திப் பேசிடட்டுமா?"

"உதட்டுக்கு ஒட்டாதுக்கா. அதுவும் காலைப் பிடிச்சுக்கிட்டு எங்க கெளம்புறது?"

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தான். "வெளிய இன்னொரு பொண்ணு காத்திருக்கு. இந்த ஒரு டேக்தான். வரலைன்னா முதல் சீன்லேருந்து அதுவே பேசிடும்."

அப்படியென்றால், நாலு நாளாக அந்த நாயகிக்காக அக்கா நறுக்கென்று பேசிய பேச்சத்தனையும் அழிந்துபோகும்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க. எனக்குப் போக்கிடம் இல்ல."

அடிவயிற்றிலிருந்து கிளம்பிய குரல் நடுவில் உடைந்து, கடைசிச் சொல்லில் வெறும் காற்றாகிப் போனது.

டைரக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "புல்லரிச்சுப் போச்சுக்கா! இந்த அழுகையை இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அக்கா ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டு நானும் ஒரு தரம் வீட்டை விட்டுப் போனேன் தம்பி. மூணாம் நாளே திரும்பி வந்து, இதைத்தான் சொன்னேன்."