வாசம் இல்லாத கை

முத்துப்பேச்சிக்குக் கட்டைவிரலில் மூன்று வெடிப்பு, ஆள்காட்டி விரலில் இரண்டு. உள்ளங்கையில் இருந்ததை எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். தை மாதப் பனி பூப்பாறைப் பக்கத்து மலைகளில் அப்படித்தான் வேலை செய்யும். விடியக்காலம் தேயிலைச் செடிமேல் வெள்ளையாய் உறைந்து கிடக்கிற பனிக்குள் கையை விட்டுக் கொழுந்து கிள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அதே கையை வெயில் காய்ச்சும். நனைந்தும் காய்ந்தும் தோல் பாளம் பாளமாகப் பிளக்கும். கொழுந்துக் காம்பின் கறை அந்தப் பிளவுக்குள் இறங்கினால் சோற்றில் கைவைக்க முடியாது.

கம்பெனி ஃபேக்டரியில் தூள் பிரிக்கிற சார்ட்டிங் ரூமில் ஓர் ஆள் குறைந்திருந்தது. சின்னத்தாயிக் கிழவி வேலையை விட்டு நின்றுவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் கையைப் பார்த்து ஆள் எடுப்பார் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி சொன்னான். புண் கை ஆகாது, தேயிலையில் ரத்தம் பட்டால் மூட்டையே போச்சு என்றும் சொன்னான்.

கூரைக்குக் கீழே வேலை. பனி இல்லை, வெயில் இல்லை, அட்டைக்கடி இல்லை. பக்கத்து லயத்து வீட்டு மாரித்தாய் பத்து வருசமாய் அங்கேதான் இருக்கிறாள். முகத்தில் ஒரு வெயில் திட்டு கிடையாது. அவளிடம் யோசனை கேட்கலாமென்றால், தங்கச்சி மகள் சடங்குக்குச் சங்கரன்கோயில் போயிருந்தாள்.

கையை ஆற்ற எட்டு நாள் இருந்தது. முத்துப்பேச்சி ஞாயிற்றுக்கிழமையே பூப்பாறைக் கடைக்கு இறங்கினாள்.

கடைக்காரர் பழனிச்சாமி மூன்று சாமான் எடுத்து வைத்தார். தேங்காயெண்ணெயில் மெழுகு உருக்கிச் சேர்த்தது ஒன்று. ரோசாப்பூ படம் போட்ட கண்ணாடிப் புட்டியில், முகத்துக்குப் பூசுகிற ஸ்னோ ஒன்று. மூன்றாவது ஒரு தகர டப்பி. பால்மாடு வைத்திருப்பவர்கள் வாங்குவது, மடிக்காம்பு வெடித்தால் பூசுகிற களிம்பு, மனுசருக்கும் கேட்கும் என்றார். அவள் டப்பியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை.

"மாட்டுக்குப் பூசுறத எனக்குக் குடுக்கியளே அண்ணாச்சி. எனக்கென்ன நாலு காலா இருக்கு?"

"மாடு பனியில நிக்கி, நீயும் பனியில நிக்க. தோலுக்கு என்ன தெரியும், இது மாடு இது மனுசின்னு?" என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. டீமேக்கர் கையைப் பிடித்துப் பார்ப்பார். அப்போது கை மணக்க வேண்டாமா? மணக்கிற கையைப் பார்த்தால்தான் சுத்தமானவள் என்று தோன்றும். ஸ்னோவை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

காலையும் மாலையும் பூசினாள். மலைக்குப் போகும்போது பழஞ்சேலையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டாள். சுற்றிய விரலால் வேகமாகக் கிள்ள முடியவில்லை. எடை குறைந்தது, கங்காணி ஏசினான். வீட்டில் புருசன் சங்கையா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, லயத்துக்குள் கல்யாண வீட்டைக் கொண்டுவந்துவிட்டாளே என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மணிக்கொரு தரம் கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது பார்த்தாள், அடுப்பு ஊதும்போது பார்த்தாள். சனிக்கிழமைக்குள் வெடிப்புகளின் உதடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாரித்தாய் வந்து இறங்கினாள். முத்துப்பேச்சி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். மாரித்தாய் கையைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, என்னத்தப் பூசியிருக்க?"

"ஸ்னோ மதினி. நல்லா ஆத்திருச்சுல்லா?"

"கெடுத்தியே. தேயிலை எல்லா வாசத்தையும் இழுத்துக்கிடும். அங்க பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது. உன் கைய மோந்து பாத்துத்தான் உள்ள விடுவாரு. இந்த மணத்தோட போனா வாசல்லயே திருப்பிருவாரு."

முத்துப்பேச்சி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பத்து வருசமாய்த் தேயிலை கிள்ளுகிறாள். கிள்ளிப் போட்டதற்கு அப்புறம் அது என்ன ஆகிறதென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

சோப்புப் போட்டுக் கழுவினாள். சோப்பு வாசத்தோடு ரோசா வாசமும் நின்றது. அடுப்புச் சாம்பலில் புளியைப் பிசைந்து தேய்த்தாள். எரிச்சல் முழங்கைவரை ஏறியது. தேய்த்துத் தேய்த்து வாசம் போனபோது வெடிப்பும் திறந்துகொண்டது. எட்டு நாள் ஆறியது கால்மணி நேரத்தில் கிழிந்து, சாம்பல் தண்ணீர் சிவந்து ஓடியது.

வாசலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வாசம் இருந்தாலும் ஆகாது, ரத்தம் இருந்தாலும் ஆகாது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி காலில் பட்டால் ஆம்பளைகள் பச்சைத் தேயிலையை மென்று காயத்தில் அப்புவார்கள். துவர்ப்பு ரத்தத்தைக் கட்டிவிடும்.

வீட்டிலிருந்த தேயிலைத்தூள் முழுவதையும் பானையில் கொட்டினாள். இன்னும் அரை வீசை இருந்தால் அதையும் கொட்டியிருப்பாள். கறுப்பாகக் காய்ச்சி ஆற வைத்து இரண்டு கையையும் அதற்குள் முக்கினாள். தோல் சுருங்கிப் பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தூள் முழுக்கப் பானையில் போனதால் மறுநாள் காலைத் தேத்தண்ணி சங்கையாவுக்கு இல்லை. அவன் பச்சைத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

திங்கட்கிழமை ஃபேக்டரி வாசலில் மூன்று பேர் நின்றார்கள். பெரியமுத்துவின் மகள் பவுடர் பூசி வந்திருந்தாள். டீமேக்கர் கிட்டே வராமலே, போய்க்கோ என்று கையை ஆட்டினார். இரண்டாமவளின் கையில் தேங்காயெண்ணெய் வாசம், அவளையும் அனுப்பிவிட்டார். முத்துப்பேச்சி வந்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு பிடி தூளை வைத்து மூடச் சொன்னார். சற்று நேரம் கழித்துத் திறந்து மோந்தார். மறுபடி மோந்தார்.

"இது ஆகெ தேயிலை மணம்தானே" என்றார் மலையாளம் கலந்து.

வெடிப்பின்மேல் கட்டைவிரலை அழுத்தினார். உயிர் போயிற்று. அவள் முகத்தை அசைக்கவில்லை. ரத்தம் வரவில்லை. உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே சல்லடைகள் ஓடின. தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து காம்பு பொறுக்கினார்கள். சூடு, தூசி. மத்தியானத்துக்குள் கை அப்பளம் போல் காய்ந்துவிட்டது. தூள் வெடிப்புக்குள் புகுந்தது. மலையிலாவது பனி கையை நனைத்தது. இங்கே தூள் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சத்தான் செய்தது.

தூக்குச்சட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் மாரித்தாய் கையை விரித்தாள். முத்துப்பேச்சி அதை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பத்து வருசத்து வெடிப்பு, குறுக்கும் நெடுக்குமாய், கறுப்பாய்த் தூள் அடைத்து.

"மதினி, நீ ஒண்ணும் பூசலியா?"

"சனிக்கிழமை சாயந்தரம் பூசுவேன். தூள்ல பிசுக்கு ஒட்டக் கூடாதுல்லா, திங்கக்கிழமை காலம்பற கழுவிட்டு வருவேன். ஒரு நாள்தான் கைக்கு லீவு."

"என்னத்தப் பூசுவ?"

"மாட்டுக் களிம்புதான். வேற எல்லாத்துக்கும் வாசம் இருக்கே."

சங்கு ஊதியது. முத்துப்பேச்சி கையைக் கழுவாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இன்றைக்குத் திங்கள், சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். விரலை மடக்கிப் பார்த்தாள், ஒரு வெடிப்பு திறந்தது. யாரும் பார்க்கும் முன் அதன்மேல் ஒரு சிட்டிகைத் தூளை வைத்து அழுத்திக்கொண்டு சல்லடைக்குத் திரும்பினாள்.