இருநூற்றுப் பதினாறு உருப்படி

பெட்டியைத் திறந்ததும் வந்த நாற்றத்திலேயே, பதினொண்ணு என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் கடையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். கெட்டுப்போன எண்ணெயையும் புது பிளாஸ்டிக்கையும் சேர்த்து ஒரு வாரம் வெயிலில் போட்டு எடுத்த மாதிரி நாற்றம். கடைக்காரர் பல்குத்தும் குச்சியால் கடைவாயைக் குடைந்துகொண்டே மூடியைத் தூக்கினார். பிறகு அதே குச்சியின் நுனியால் ஒவ்வொரு வரிசையையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"இது சின்ன சாக்கெட், போல்ட் தலைல மாட்டித் திருகறதுக்கு. இது பெரிசு. இது நீட்டு சாக்கெட், குழிக்குள்ள இருக்கற போல்ட்டுக்கு. இது கைப்பிடி, மூணு சைஸ். மொத்தம் இருநூத்திப் பதினாறு பீஸ் சார். உங்க ஏரியாவுல எவன்கிட்டயும் இருக்காது."

குச்சி பட்ட இடத்திலெல்லாம் ஈரம் பளபளத்தது. பதினொண்ணுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்துவிட்டதே, என்ன செய்ய? உச்சி குளிர்ந்துபோய் அங்கேயே நின்றார்.

பதினொண்ணு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மனிதர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். மயிரிழை அளவு விலகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். விடுமுறை நாட்களில் வீட்டோரக் கொட்டகையில் நிற்கும் பழைய காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். அதற்கு அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு சாக்கெட்டுகள் இருந்தன. கறுத்துப்போன, உள்ளே ஆறு பட்டை வெட்டிய, கனமான உருப்படிகள். போல்ட் தலையிலும் ஆறு பட்டை, சாக்கெட்டிலும் ஆறு பட்டை, மாட்டினால் உடும்புப் பிடிதான். அதில் பத்தாம் நம்பர் ஒருநாள் கை தவறி இன்ஜினுக்குள் விழுந்தது. காரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார், காந்தம் கட்டித் துழாவிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மிச்சம் பதினொன்று.

கார் கழற்றும் பொழுதுபோக்குக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு. அதில் பல் டாக்டர் ஒருவர் தன் பெரிய சாக்கெட் பெட்டியைப் படம் போட்டு, "உங்ககிட்ட எத்தனை?" என்று எல்லோரையும் கேட்டார். மற்றவர்களெல்லாம் நூறு, நூற்றைம்பது என்று அளந்துகொண்டிருக்க, இவர் மட்டும் யோக்கியமாக "பதினொண்ணு" என்று எழுதித் தொலைத்தார். அன்றிலிருந்து அதுதான் பெயர். காலை வணக்கம்கூட "என்ன பதினொண்ணு, எழுந்தாச்சா?" என்றுதான் வரும். இவரும் சிரிப்பது போல ஒரு படம் போட்டு வைப்பார். உள்ளே எரியும்.

கடைக்குப் போனது ஒரே ஒரு பத்தாம் நம்பர் வாங்கத்தான். கையில் தூக்க முடியாத பெட்டியோடு திரும்பி வந்தார்.

அவர் வாசலில் பெட்டியை இறக்கிய நேரம், தெருவில் பழைய இரும்புக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஆள் இருந்தால் நம்மவருக்குக் கை தாராளமாகிவிடும். உள்ளே போய்ப் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, பதினொரு சாக்கெட்டையும் கைப்பிடியையும் அப்படியே வண்டியில் கொட்டினார்.

"வெச்சுக்கங்கண்ணே. சும்மாவே வெச்சுக்கங்க. எனக்கு இனிமே இதெல்லாம் எதுக்கு?"

இரும்புக்காரர் ஒன்றை எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். "நல்ல சாமானாச்சே சார்" என்றார். "பரவால்ல, பரவால்ல" என்று இவர் கையை ஆட்டிய ஆட்டலை எதிர்வீட்டுக்காரர் நன்றாகப் பார்த்தார். பிறகு இவர் காலி டப்பாவையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். பல் டாக்டர் ஒரு கட்டைவிரல் மட்டும் காட்டினார். அந்த ஒரு விரலுக்காகத்தான் இத்தனையும்.

இதற்கிடையில் கொட்டகை விஷயம் ஒன்று இருந்தது. மனைவி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். மூன்று தையல் இயந்திரங்களும் படுக்கையறையில் நின்றன. தலையணையில் நூல், குடிக்கிற தண்ணீரில் நூல், புரண்டு படுத்தால் முதுகில் பொத்தான். மூன்று வருஷமாகப் பொறுத்திருந்தாள். இப்போது திங்கட்கிழமை இன்னும் இரண்டு இயந்திரங்கள் வரப்போகின்றன. அவற்றுக்கு இடம் கேட்டு, கொட்டகையில் நகராமல் நிற்கும் காரை அவள் காட்டியபோது, புதுப்பெட்டி வந்த தெம்பில் இவரே வாயைக் கொடுத்தார்.

"இன்ஜின குளிர வைக்கற வாட்டர் பம்ப் ஒண்ணுதான் பாக்கி. புதுசு வாங்கி வெச்சாச்சு. சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள வண்டி தானா ஸ்டார்ட் ஆகி வெளிய போகும். போகலன்னா நீயே பழைய இரும்புக்காரர கூப்பிட்டுக் குடுத்துடு. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"ஆறு மணி. நீங்க சொன்னதுதான்" என்றாள் அவள். சண்டை போடவில்லை. காலண்டரில் வட்டம் போட்டாள்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காரைத் திறந்தார். பம்ப்பை மறைத்துக்கொண்டிருக்கும் மூடிக்குப் பத்தாம் நம்பர் வேண்டும். பெட்டியில் பத்து என்று எழுதியிருந்த குழியில் கை விட்டார். வந்தது பதினொன்று. பக்கத்துக் குழியிலும் பதினொன்று. இருநூற்றுப் பதினாறையும் தரையில் கொட்டித் தேடினார். திருப்புளி முனைகள் மட்டும் நூற்றுக்கு மேல், சின்னச் சின்னதாக, எதற்கென்றே தெரியாத நட்சத்திரம், சதுரம், முக்கோணம். எண்ணிக்கையை ஊதிப் பெரிதாக்கப் போட்ட குப்பை. எடுத்த கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது, சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகவில்லை. பத்து மட்டும் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் வாயில் அதே குச்சி.

"எண்ணிப் பாருங்க சார். இருநூத்திப் பதினாறு சரியா இருக்கும்."

"பத்தாம் நம்பர் இல்லையேங்க?"

"பத்து இருக்குன்னு நான் சொன்னேனா?" என்று பல்லில் சிக்கியதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொண்டார் கடைக்காரர். "தொறந்த பெட்டிய திருப்பி எடுக்கறதில்ல."

சொல்லவில்லைதான். இவர் கேட்கவுமில்லை. தினமும் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனிதர், ஒரு சாக்கெட்டைக்கூட வெளியே எடுத்துப் பார்க்காமல் வாங்கிவந்திருக்கிறார். சீ என்றிருந்தது அவருக்கே. அந்த வெறுப்பில் தனியாக ஒரு பத்து வாங்கவும் மறந்து வந்துவிட்டார்.

மூடியை இடுக்கியால் கழற்றினார். அரை நாள் போயிற்று. பம்ப்பில் நாலு போல்ட், எல்லாம் பதிமூன்று. மூன்று போல்ட் முனகிக்கொண்டே வந்தன. நாலாவது அசையவில்லை. புதுச் சாக்கெட்டின் உள்ளே ஆறு பட்டை கிடையாது, பன்னிரண்டு பல். எதிலும் மாட்டும், எதையும் பிடிக்காது. பலமாக இழுத்தார். சாக்கெட் வழுக்கி, விரல்முட்டி போய் இரும்பில் மோதித் தோல் உரிந்தது. போல்ட் தலையின் முனைகள் மழுங்கிவிட்டன. இன்னொரு தடவை இழுத்தபோது சாக்கெட்டே விரிந்துபோய்ப் பல்லை இளித்தது. பளபளப்பு தோலாக உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அடியில் சாம்பல் நிறத்தில் என்னவோ ஒன்று, இரும்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளி முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். சனிக்கிழமை மத்தியானம் வெளியே வந்து கைகழுவும்போது, "இரும்புக்காரர வரச்சொல்லிடு" என்றார். தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குங்க" என்றாள் மனைவி.

"அதான் சொல்லிட்டேனே."

நாலரை மணிக்கு இரும்புக்காரர் வாடகை லாரியோடு வந்தார். அதே ஆள். காரைச் சுற்றி வந்து, திறந்து கிடந்த முன்பக்கத்தில் தலையை நீட்டினார்.

"பம்ப்பு அலுமினியம் சார். அத இங்கயே தனியா எடுத்துட்டா எனக்கு சௌகரியம். எதுக்கு ஒத்த போல்ட்டுல நிக்குது?"

"வரல" என்றார் பதினொண்ணு.

இரும்புக்காரர் தோளில் தொங்கிய பையில் கை விட்டு ஒரு சாக்கெட்டை எடுத்தார். கறுத்த, கனமான சாக்கெட். பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொட்டு. அடிக்கடி தேவைப்படுகிற பதிமூன்றைச் சட்டென்று அடையாளம் காண, என்றோ மனைவியின் நகப்பூச்சை எடுத்து இவர் வைத்த பொட்டு. இரும்புக்காரர் அதை மழுங்கிய தலைமேல் வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி மெதுவாகச் சாய்ந்தார். கிர்ரென்று ஒரு சத்தம். கொட்டாவி விடுகிற நேரத்தில் போல்ட் அவர் உள்ளங்கையில் கிடந்தது.

பதினொண்ணு கணக்குப் போட்டார். போல்ட் வந்துவிட்டது. புதுப் பம்ப் சக்கரத்துக்குப் பக்கத்தில் காகிதம்கூடப் பிரிக்காமல் இருக்கிறது. மாட்ட ஒரு மணி நேரம், தண்ணீர் ஊற்றிக் கிளப்பக் கால் மணி. ஆறு மணிக்கு முன்னால் கார் தானாக வெளியே போகும். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான், நிறுத்துங்க. அப்புறம் இன்னொன்றும் கேட்க வேண்டும், அந்தச் சாக்கெட்டை ஒரு மணி நேரம் குடுங்க. கேட்டால் அது யாருடையது என்று வரும். நல்ல சாமானைத் தெருவில் கொட்டிவிட்டு இந்தக் குப்பையை வாங்கினாயா என்று வரும். மனைவி இரண்டடி தள்ளி நிற்கிறாள். எதிர்வீட்டுக்காரர் கேட் அருகே வந்துவிட்டார்.

வார்த்தை தொண்டை வரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

பம்ப் பழைய பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படியும் உடைக்கப் போகிற வண்டிதானே என்று இரும்புக்காரர் சாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுப் பெரிய சுத்தியை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டார். பம்ப் தெறித்து விழுந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில், இன்ஜின் சுவரில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. இனி எந்தப் பம்ப்பும் அங்கே உட்காராது.

மனைவி குனிந்து தரையில் உருண்ட சாக்கெட்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது என் நகப்பூச்சாச்சே."

"சார் குடுத்ததும்மா" என்றார் இரும்புக்காரர், வாயெல்லாம் பல்லாக. "எல்லாத்தையும் சும்மாவே குடுத்தாரு. தங்கமான மனுஷன். இப்ப என் பொழப்பே இதுலதான் ஓடுது."

அவள் புருஷனைப் பார்த்தாள், பிரிக்காத புதுப் பம்ப்பைப் பார்த்தாள், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

பதினொண்ணு புதுப் பம்ப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். கடைக்காரரின் குச்சியைப் பார்த்தபோது வந்த அருவருப்பு இப்போதும் வந்தது, ஆனால் இந்தத் தடவை அதற்குக் காரணம் கடைக்காரர் இல்லை.

காரை லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். இவர் உள்ளே போய்ப் பெரிய பெட்டியைத் தூக்கிவந்து லாரி ஓரத்தில் வைத்தார். "இதையும் எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே. சும்மாதான்."

இரும்புக்காரர் ஒரு சாக்கெட்டை எடுத்து அரத்தால் ஒரு கீறு கீறினார். முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தது. அதை அதன் குழியிலேயே பத்திரமாக வைத்து மூடியைச் சாத்தி, பெட்டியை இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் நாங்க எடுக்கறதில்ல சார்."

லாரி போனதும் கொட்டகை விசாலமாகக் கிடந்தது. மனைவி துடைப்பத்தோடு உள்ளே போய்க் கார் நின்ற இடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். கனம் தாங்காமல் கைவிரல் மரத்துப்போய், பெட்டியை இறக்கி வைக்க இவர் மெல்ல ஓர் ஓரமாகப் போனார்.

"அங்க வெக்காதீங்க" என்றாள் அவள், நிமிராமலே. "மெஷின் வருது."